கார் வராத பாதை

யசிந்தாவுக்குப் பிரெஞ்சு விசா ஒரே கிழமையில் கிடைத்துவிட்டது. அதிலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"முத்திரை குத்திவிட்டார்கள்! இனி நீ சாக்குச் சொல்ல முடியாது" என்று அகதிகளின் பயணப் புத்தகத்தைத் தலைக்கு மேலே ஆட்டியபடி இங்கர் வாசலில் நின்றாள்.

இங்கர் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் பள்ளி ஆசிரியை. அகதிகளுக்கு உதவும் சங்கம் யசிந்தாவுக்கென்று ஒழுங்கு செய்துகொடுத்த டேனிஷ்காரி. மொழி சொல்லிக் கொடுத்தவளும், முதியோர் இல்லத்தில் வேலை தேடிக் கொடுத்தவளும், பனியில் வழுக்காமல் நடக்கப் பழக்கியவளும் அவள்தான். அவளைக் கோபிக்க யசிந்தாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிறிய முத்திரையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஏழே நாளில் விசா. தாயிடம் வந்து சேரப் பிள்ளைக்கு ஒன்றரை வருடமாகியும் இல்லை.

யசிந்தா மன்னாரில் தாதியாக இருந்தவள். 1985இல் ஒரு நாள் சூடுபட்டு வந்த இயக்கப் பெடியன்களுக்கு மருந்து கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இராணுவம் அவளுடைய பெயரைச் சொல்லித் தேடிவந்தது. கணவன் அந்தோனிதாசனும் நாலு வயது மகள் நிறோஷினியும் பின்னால் வரலாம் என்று முடிவுசெய்து, தம்பி டெனிஸ்ரனுடன் அவள் முதலில் புறப்பட்டாள். டென்மார்க் அவளை அகதியாக ஏற்றுக்கொண்டது. கணவனையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது, ஆறேழு மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை நம்பி அந்தோனிதாசன் பிள்ளையுடன் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் சரோஜினிதேவி என்ற அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்தான். அந்த அறையிலேயே பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது. கோப்பன்ஹேகன் அலுவலகத்துக்கு எப்போது தொலைபேசி எடுத்துக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது.

இங்கருக்கு ஒரு சைக்கிள் கழகம் இருந்தது. 1988 கோடையில் அவர்கள் பிரான்சின் பேர்கண்டிப் பகுதிக்குப் போகத் திட்டமிட்டார்கள். முன்னொரு காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்துச்சென்ற கால்வாய்க்கரைப் பாதை. அதிலிருந்து பிரிந்து திராட்சைக் கொடிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைகள். "ஒரு கார் கூட வராது. பறவைச் சத்தமும் கோயில் மணியும்தான் கேட்கும். உனக்கு நித்திரை வரும்" என்றாள் இங்கர். யசிந்தாவுக்கு நித்திரை கெட்டுப் பல மாதமாயிருந்தது.

சைக்கிள் அவளுக்குப் புதிதல்ல. மன்னார்ப் பாலத்தில் கடல்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வேலைக்கு மிதித்தவள். குடெனோ ஆற்றங்கரையில் பயிற்சிக்குப் போனபோது கழகத்து ஆண்கள் சிலர் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கினார்கள். ஆனாலும் போக மனமில்லை. தொலைபேசியில் அந்தோனிதாசன்தான் வற்புறுத்தினான்.

"போயிட்டு வாருமப்பா. நீர் அங்க இருந்து அழுறதால எங்களுக்கு விசா வரப்போகுதே?"

"நீங்கள் அங்க அறைக்குள்ள அடைஞ்சு கிடக்க நான் பிரான்ஸில சைக்கிள் ஓடுறதோ?"

"ஓடும். ஓடிப்போட்டு வந்து பிள்ளைக்குக் கதை சொல்லும்."

போனாள்.

பஸ்ஸின் பின்னால் இழுவைவண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கழகம் தெற்கே போனது. கால்வாய்க்கரையில் இறங்கி மிதிக்கத் தொடங்கிய முதல் நாளே யசிந்தா ஒன்றைக் கண்டுகொண்டாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலை உண்டாக்கியது. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள். தண்ணீரின் மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுகளும், ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் பூச்சட்டிகள் வைத்த சின்ன வீடும். பாதை பாய் விரித்ததுபோல் சமமாகக் கிடந்தது. ஹோர்ன் இல்லை, புகை இல்லை, சோதனைச்சாவடி இல்லை. யாரும் மறித்து அடையாள அட்டை கேட்காத பாதையில் இவ்வளவு தூரம் அவள் வாழ்க்கையில் சைக்கிள் ஓடியதில்லை.

பிறகு திராட்சை வந்தது. யாழ்ப்பாணத்துப் பந்தலில் தலைக்கு மேலே தொங்கும் திராட்சையைத்தான் அவள் பார்த்திருந்தாள். இங்கே கொடிகள் இடுப்பளவில் கம்பிகளில் கட்டப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் மலைச்சரிவு முழுதும் நின்றன. காய்கள் பச்சை மிளகு போல இறுகியிருந்தன. மருந்தடித்த இலைகளில் நீலம் படிந்திருந்தது.

இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தியவன் ஹென்னிங். இங்கருடன் ஒன்றாகப் படித்தவன். கோப்பன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். மெலிந்த உயரமான மனிதன். வெயிலில் மொட்டைத்தலை சிவந்து தோலுரிந்திருந்தது. மேட்டில் ஏறும்போது எந்தப் பற்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றவேண்டும் என்று பக்கத்தில் ஓடிக்கொண்டே சொல்லுவான். மத்தியானத்தில் தன்னுடைய பாணிலும் பாற்கட்டியிலும் பெரிய துண்டை அவளுக்கு வெட்டிக் கொடுப்பான். என்ன வேலை என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு, "கடதாசி வேலை. விடுமுறையில் அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது" என்று சிரித்தான். இங்கர் அப்போது கால்வாயில் போன படகொன்றைக் காட்டிப் பேச்சை மாற்றியது யசிந்தாவுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பயணத்தின் நடுவில் ஒரு சின்ன ஊரில் தபாற்கந்தோர் திறந்திருந்தது. உள்ளே மரக்கூண்டு போலத் தொலைபேசி அறை. யசிந்தா கொழும்புக்கு எடுத்தாள். வழமையாக அந்தோனிதாசனைக் கூப்பிட்டுவிடும் சரோஜினிதேவி இந்தத் தடவை கூப்பிடவில்லை.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்கொள்ளும். முந்தநாள் விடிய எங்கட ஒழுங்கை முழுக்கச் சுத்தி வளைச்சவங்கள். இவரையும் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

"எங்க கொண்டு போனவங்கள்?"

"பொலிஸில இருக்கிறாராம் எண்டு மட்டும்தான் தெரியும். எங்கட கோயில் பாதர் போய்க் கேட்டவர், பாக்க விடேல்லையாம். கொழும்பில ஏன் நிக்கிறாய் எண்டு கேட்டிருக்கிறாங்கள். விசாவுக்கு நிக்கிறன் எண்டிருக்கிறார். எங்க விசா, காட்டு எண்டிருக்கிறாங்கள்."

"பிள்ளை?"

"என்னோடதான் நிக்குது. நீர் யோசிக்காதையும். சாப்பிடுது."

நிறோஷினியின் குரலைக் கேட்கவேண்டும் என்றாள். பிள்ளை வந்தது; மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டது.

வெளியே வந்தபோது இங்கர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். செய்தி கழகம் முழுவதற்கும் பரவியது. ஒருத்தி கட்டிப்பிடித்தாள். ஒருத்தர் சொக்கிலேற் கொடுத்தார். ஹென்னிங் மட்டும் கிட்ட வரவில்லை. தன்னுடைய சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்; அந்தச் சில்லில் காற்றுக் குறைந்திருக்கவில்லை.

பிற்பகலில் மற்றவர்கள் முன்னால் போய்விட, அவன் சைக்கிளை மெதுவாக ஓட்டி அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"யசிந்தா, ஒன்று சொல்லவேண்டும். இந்தத் தாமதம் உன்னுடைய விண்ணப்பத்தில் உள்ள பிழையால் இல்லை. நீ எதையும் தவறாகச் செய்யவில்லை. அதை நினைத்து வருந்தாதே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கேதான் வேலை செய்கிறேன். அந்த விண்ணப்பங்கள் வரும் இடத்தில்." முன்னே பாதையைப் பார்த்தபடியே சொன்னான். "தமிழர்களின் கோப்புகளை எடுக்கவேண்டாம் என்று மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள். வாய்மொழியாகத்தான். நாங்கள் ஒன்றையும் மறுக்கவில்லை. எடுக்காமல் கீழே வைக்கிறோம், அவ்வளவுதான். உன்னுடையதை யாரும் இன்னும் வாசிக்கவில்லை."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

யசிந்தா பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் குறுக்கே விழுந்தது. அவனும் தடுமாறிக் காலை ஊன்றி நின்றான். மூன்று வருடம் அவள் படித்த டேனிஷ் முழுவதும் அந்தக் கணத்தில் எங்கோ போய்விட்டது.

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா? என்ர மனுசனைக் கொண்டுபோய் அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். என்ர பிள்ளை ஆரோ ஒராளின்ர வீட்டில வாய் திறக்காமல் கிடக்குது. விசா எங்க எண்டு கேட்டவங்களாம், விசா! நீ அதை மேசைக்குக் கீழ வைச்சுப்போட்டு இஞ்ச எனக்குப் பாண் வெட்டித் தந்தனியோ? உன்ர கையால நான் திண்டனே!"

அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் விளங்கியது. சிவந்த தலை வெளிறிப்போயிற்று. "நான் முடிவெடுக்கிறவன் இல்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கால்வாயில் படகில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி அவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

அன்று மாலை அவர்கள் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் முற்றத்தில் நீள மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். யசிந்தா எழுந்து நின்றாள். இப்போது டேனிஷ் திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக, முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஹென்னிங், பின்னேரம் எனக்குச் சொன்னதை இவர்களுக்கும் சொல். எங்களுடைய விண்ணப்பங்களை என்ன செய்கிறீர்கள் என்று சொல்."

ஹென்னிங் கையிலிருந்த கிளாசை மெல்ல வைத்தான்.

"நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டதால் தாமதமாகிறது என்றுதான் சொன்னேன். பாவம், அவளுக்கு இன்று பெரிய அதிர்ச்சி. மொழியும் இன்னும் முழுதாக வரவில்லை."

யசிந்தா இங்கரைப் பார்த்தாள். தனக்கு ஒவ்வொரு சொல்லாக அந்த மொழியைக் கற்றுத் தந்தவள், எது விளங்கும் எது விளங்காது என்று அறிந்தவள், இப்போது சொல்லட்டும் என்று பார்த்தாள். இங்கர் மேசைத்துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யசிந்தா, இதை வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றாள். "எல்லாரும் வருடம் முழுக்கக் காத்திருந்து வந்த விடுமுறை இது."

யசிந்தா தட்டை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போனாள். இங்கர் பின்னாலேயே வந்தாள். வந்து, அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். ஹென்னிங் எங்கே வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். யசிந்தாவின் கோப்பு என்ன ஆயிற்று என்று அவனிடம் வசந்தகாலத்திலேயே கேட்டிருக்கிறாள், பொறு என்றானாம். இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிவந்தால், யசிந்தாவை ஒரு மனுசியாகப் பார்த்துப் பழகினால், அவனாக ஏதாவது செய்வான் என்று நினைத்தாளாம்.

"அப்ப நான் என்னைக் காட்ட வந்தேனா?" என்று கேட்டாள் யசிந்தா. "நல்லவள், நன்றாகச் சைக்கிள் ஓடுகிறாள், இவளுக்குப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அவன் நினைப்பதற்கு?"

"நான் உதவி செய்யத்தான் நினைத்தேன்."

"நாளைக்கு எல்லார் முன்னாலும் அவனிடம் கேள். எனக்கு அந்த உதவியைச் செய்."

இங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினாள். யசிந்தா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

காலையில் மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, அவள் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. திராட்சை வரிசைகளுக்கு நடுவே இறங்கிக் கால்வாய்க்கரையைப் பிடித்து, டிஜோன் நகரத்தை நோக்கி மிதித்தாள். அந்தப் பாதையில் அவளை மறிக்க ஒன்றுமே இருக்கவில்லை. கத்தினால் கேட்க ஒருவரும் இல்லை. கத்தினாள். ஹென்னிங்கின் மொட்டைத்தலையை, இங்கரின் மேசைத்துணியை, ஒருநாளும் கண்டிராத மேலிடத்து மனிதர்களை, விடிய வந்து ஒழுங்கையைச் சுற்றி வளைத்தவர்களை, எல்லாரையும் பெயர் வைத்துத் திட்டினாள். மூச்சு முட்டியபோது நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு மறுபடியும் மிதித்தாள். இவ்வளவு அழகான இடத்தை இவர்கள் தனக்கு இப்படி ஆக்கிவிட்டார்களே என்று ஒரு வளைவில் அழுகை வந்தது. அதையும் கோபம் தின்றுவிட்டது.

கழகத்தின் சைக்கிளை டிஜோன் ரயில் ஸ்ரேசனில் பொதிகள் வைக்கும் இடத்தில் ஒப்படைத்தாள். ரயில் மாறி மாறி டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் வந்து இறங்கினாள். தம்பி டெனிஸ்ரன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். நடந்ததையும், பத்திரிகைக்குச் சொல்லப்போகிறேன் என்று அவள் சொன்னதையும் கேட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"அக்கா, வாயைத் திறக்காதை. நாங்கள் வந்தேறியள். பேப்பரில போட்டால் அவங்கள் கோபத்தில உன்ர கோப்பைக் கிழிச்சே எறிஞ்சிடுவாங்கள்."

"அதைத் திறந்தே பாக்கேல்லையாம். கிழிச்சால் என்ன, வைச்சிருந்தால் என்ன?"

"அத்தானை நினைச்சுப் பார்."

"அவரை நினைச்சுத்தான் சொல்லுறன். வாறியோ, நான் தனியப் போகட்டோ?"

டெனிஸ்ரன் சப்பாத்தைப் போட்டான்.

சில்க்போர்க்கின் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஹென்னிங்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். அப்படி எந்த உரையாடலும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. ஆகவே பெயர் இல்லாமல், ஒரு தமிழ்த் தாய் இப்படிக் கூறுகிறார் என்று சின்னச் செய்தியாகப் போட்டார். கழகத்தார் கடையில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினார்கள். முதியோர் இல்லத்தில் ஒருத்தி, "சோறு போட்ட நாட்டை இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டாள். "சோறு நான் உழைத்துத் தின்கிறேன்" என்றாள் யசிந்தா. அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு இங்கர் இல்லாமலேயே ஒரு வழக்கறிஞரிடம் போனாள். அவரிடம் அதே கதையோடு வேறு தமிழர்களும் வந்திருந்தார்கள். இஷொயிலிருந்து ஒருவர், ஓர்குஸிலிருந்து இருவர். யசிந்தா அன்று முதல் அவர்களுடைய கூட்டங்களுக்கெல்லாம் போனாள். டேனிஷில் எழுந்து பேசினாள். மொழி முழுதாக வரவில்லை என்று சொன்ன அந்த வாயை நினைத்து நினைத்தே இலக்கணம் படித்தாள்.

அடுத்த வருடம் கோப்புகள் திறக்கப்பட்டன. அதற்குள் பாதர் அலைந்து திரிந்து அந்தோனிதாசனை வெளியே எடுத்திருந்தார். கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கதைத்தான். ஒரு காது கேட்கவில்லை. அடித்ததில் போயிற்று என்று பிறகு சொன்னான். நிறோஷினி தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். "அம்மாட்டப் போ" என்று அவன் தள்ளிவிட, வந்து எட்ட நின்று, "வணக்கம் அன்ரி" என்றாள்.

அன்ரி அம்மாவாக ஒரு வருடம் எடுத்தது. அம்மாவான பிறகும் ஓர் இடைவெளி இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போய் டேனிஷ் பேசத் தொடங்கியதும் அந்த மொழியிலேயே தாயைவிட்டு ஒதுங்கி நின்றாள். தாய் எப்போதும் கடுகடுப்பாக இருப்பவள் என்று நினைத்தாள். அதில் பிழையும் இல்லை.

தமிழர்களின் கோப்புகளைக் கிடப்பில் போட்டது பற்றிப் பிறகு விசாரணை நடந்தது; 1993 தை மாதம் அதன் முடிவு வெளியாகி, டென்மார்க் அரசாங்கம் விழுந்தது. அடுத்த நாள் பிற்பகல் வாசல்மணி அடித்தது. கையில் ரியூலிப் பூக்களோடு இங்கர் நின்றாள். நாலரை வருடத்தில் தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது.

"நாம் வென்றுவிட்டோம், யசிந்தா!"

"நாமா?"

உள்ளேயிருந்து அந்தோனிதாசன் எழுந்து வந்து தன்னுடைய உடைந்த டேனிஷில் அவளை வரவேற்றான். மேற்சட்டையை வாங்கிக் கொழுவினான். ஆரோடும் கோபிக்கத் தெரியாத அவனுடைய இந்த மரியாதையும் யசிந்தாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தேத்தண்ணி வைத்தாள்.

"ஹென்னிங் விசாரணையில் உண்மையைச் சொன்னான். உனக்குத் தெரியுமா?" என்றாள் இங்கர்.

"எப்போது?"

"போன வருடம்."

"மற்றவர்கள் எல்லாரும் சொன்ன பிறகு."

இங்கர் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "அன்றைக்கு நான் பேசியிருக்கவேண்டும். எனக்குத் தெரியும். நீ இன்னும் என்னில் கோபமா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே டேனிஷிலும் சொன்னாள் யசிந்தா. "உன்னில் கோபம்தான். நீ எனக்குச் செய்த நல்லதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகிறது."

இங்கர் குடித்தாள். குடித்துவிட்டு, அந்தோனிதாசனிடம் மேற்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும், மூலையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த நிறோஷினி டேனிஷில் கேட்டாள்.

"அவர் பூ கொண்டுவந்தார். ஏன் நீங்கள் எப்போதும் இப்படி?"

யசிந்தாவுக்கு மகள்மேலும் கோபம் பொங்கியது. ஆனால் கத்தவில்லை. மேசையில் எதிரே வந்து இருந்தாள். அந்தக் கால்வாய்க்கரையை, நீலம் படிந்த இலைகளை, தபாற்கந்தோர்க் கூண்டை, தொலைபேசியில் கேட்ட மூச்சுச் சத்தத்தை, ஹென்னிங் சொன்னதையும் பிறகு மறுத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். இவ்வளவு காலமும் பிள்ளைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. நிறோஷினி பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வாசிக்கக்கூட இல்லையா?" என்றாள் கடைசியில். "என்ர பேர் அதில இருந்ததுதானே? அதை எடுத்துப் பாக்கக்கூட இல்லையா?" தமிழில் கேட்டாள். முகம் சிவந்து, கண் கலங்கி, மேசையைக் கையால் அடித்தாள். "நான் அங்க நிண்டனான், அம்மா! நான் அங்க தனிய நிண்டனான்!"

"ஓம் பிள்ளை" என்றாள் யசிந்தா. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மகள் கோபிக்கும் மட்டும் கோபிக்கட்டும் என்று கூடவே இருந்தாள்.